ஹோம் அலோனா, ஹேங்ஓவரா, பார்பியா? நகைச்சுவைப் படத்தின் வசூலைப் படிப்பது எப்படி

கேள்வி: அனிமேஷனை விட்டுவிட்டு, நடிகர்கள் நடித்த ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களில் அதிகம் வசூலித்தது எது? 2011 வரை ஹோம் அலோன் என்கிறார்கள், பிறகு ஹேங்ஓவர் 2, இப்போது பார்பி. இது சரியா? மொத்த வசூலைப் பார்த்தால் மட்டும் ஒரு காமெடிப் படம் ஜெயித்தது என்று சொல்லிவிடலாமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் பார்பிதான். 2023 ஜூலையில் வந்த அந்தப் படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 144.5 கோடி டாலர் வசூலித்தது. அதை ஃபேண்டஸி என்று ஒதுக்காமல் காமெடிக் கணக்கில் சேர்த்தால் பக்கத்தில் வரக்கூடிய படமே இல்லை.

ஆனால் அந்த வரிசையில் ஒரு பிழை இருக்கிறது. 1990-ல் வந்த ஹோம் அலோனின் உலக வசூல் 47.67 கோடி டாலர். 2011-ல் ஹேங்ஓவர் 2 எடுத்தது 58.68 கோடி. இடையில் ஹோம் அலோனை யாரும் தாண்டவில்லை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தாண்டினார்கள். 2003-ல் புரூஸ் ஆல்மைட்டி 48.4 கோடி எடுத்தது. 2004 டிசம்பரில் வந்த மீட் த ஃபாக்கர்ஸ் 52.2 கோடி. அறிவியல் புனைவு கலந்ததையும் காமெடி என்று ஒத்துக்கொண்டால் 1997-ன் மென் இன் பிளாக் 58.9 கோடியுடன் ஹேங்ஓவர் 2-க்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஹோம் அலோன் நீண்ட காலம் வைத்திருந்தது வட அமெரிக்கச் சாதனையை. (ஹாலிவுட் கணக்கில் உள்ளூர், உள்நாடு என்றால் வட அமெரிக்காதான்.) அங்கே அது எடுத்த 28.58 கோடியை மீட் த ஃபாக்கர்ஸ் (27.9), ஹேங்ஓவர் (27.7), ஹேங்ஓவர் 2 (25.4) மூன்றும் நெருங்கின, தொடவில்லை. யாரோ ஒருவர் உள்ளூர்ச் சாதனையை உலகச் சாதனை என்று எழுத, மற்றவர்கள் அப்படியே நகலெடுத்துவிட்டார்கள். சாதனை என்று எங்கே படித்தாலும் உள்ளூரா உலகமா, எந்த வகைக்குள், எந்த ஆண்டு விலையில் என்ற மூன்றையும் கேட்காமல் நம்ப வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மொத்த வசூல் மட்டும் போதாது. ஆக்‌ஷன் படம் முதல் மூன்று நாளில் சம்பாதிக்கும். காமெடி நின்று ஓடிச் சம்பாதிக்கும். அதனால் பார்க்க வேண்டிய முதல் எண், கடைசி வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுத்தால் வரும் விகிதம். வர்த்தக வட்டாரத்தில் இதை மல்டிபிள் என்பார்கள். இன்றைய பெரிய படங்களுக்கு இரண்டரை வந்தால் சாதாரணம், மூன்றைத் தாண்டினால் நல்லது, நான்கு என்றால் மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கூட்டி வருகிறார்கள் என்று பொருள்.

ஹோம் அலோனை இதில் வைத்துப் பாருங்கள். 1990 நவம்பர் 16 அன்று 1,202 தியேட்டர்களில் திறந்து மூன்று நாளில் 1.7 கோடி டாலர் எடுத்தது. அதே நாளில் எதிரே வந்தது ராக்கி 5. ராக்கி இரண்டாம் இடத்துக்குப் போனது. அதன்பின் தொடர்ந்து 12 வார இறுதிகள் ஹோம் அலோன் முதலிடத்தை விடவில்லை. 28.58-ஐ 1.71-ஆல் வகுத்தால் 16.7. இந்த எண்ணில் காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று நாலாயிரம் தியேட்டரில் ஒரே நாளில் திறக்கும் வழக்கம் இல்லை, வீடியோ கேசட் வர பல மாதம் ஆகும், நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் அடுத்தடுத்து வந்தன. ஆனால் அதே நவம்பர் 16 அன்று, அதே குழந்தைகளை நம்பி வந்த டிஸ்னியின் ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர் படுத்துவிட்டது. விடுமுறை எல்லாருக்கும் பொதுதானே.

ஹேங்ஓவர் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் அருகருகே வைத்தால் மல்டிபிளின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். 2009 ஜூனில் முதல் பாகம் 4.5 கோடியுடன் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிப்பீட்டில் பிக்ஸாரின் ‘அப்’ என்ற அனிமேஷன் படம் முதலிடம் என்று அறிவித்தார்கள், திங்களன்று உண்மைக் கணக்கு வந்தபோது ஹேங்ஓவர் முந்தியிருந்தது. (ஞாயிறு எண்கள் மதிப்பீடு மட்டுமே, அன்றைய இரவுக் காட்சிகளை ஊகித்துச் சேர்த்தவை.) அடுத்த வார இறுதியில் 3.28 கோடி, சரிவு 27 சதவீதம் மட்டும். கடைசியில் 27.7 கோடி, மல்டிபிள் 6.2. இரண்டாம் பாகம் 2011 மே மாதம் வெள்ளி முதல் ஞாயிறு வரை 8.6 கோடி எடுத்தது, அடுத்த வார இறுதியில் 3.14 கோடி. சரிவு 63 சதவீதம். கடைசியில் 25.4 கோடி, மல்டிபிள் 3-க்குச் சற்றுக் கீழே.

அந்த 3-உம் கொஞ்சம் மிகை. படம் வெளியானது வியாழக்கிழமை. அன்று ஒரே நாளில் வந்த 3.16 கோடியை வகுக்கும் எண்ணில் சேர்த்தால் மல்டிபிள் 2.2-க்கு இறங்கிவிடும். புதன், வியாழனில் திறக்கும் படங்களுக்கு இந்தக் கணக்கைப் போடும்போது முன்நாட்களையும் சேர்த்தே வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடாத படம்கூட ஓடியதுபோலத் தெரியும். உலக வசூலில் இரண்டாம் பாகம்தான் பெரியது. ஆனால் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை இரண்டாவது வாரமே சொல்லிவிட்டது. 2013-ல் மூன்றாம் பாகம் உள்நாட்டில் 11.2 கோடிக்கு விழுந்தபோது வர்த்தகம் தெரிந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை. தொடர்பாகத்தின் ஓப்பனிங் முந்தைய படத்துக்கான மரியாதை. தொடர்பாகத்தின் ஓட்டம்தான் அடுத்த படத்துக்கான ஓப்பனிங்.

மறுகோடியில் மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங். 50 லட்சம் டாலர் பட்ஜெட். 2002 ஏப்ரலில் 108 தியேட்டரில் திறந்து முதல் வார இறுதியில் 6 லட்சம்கூட வரவில்லை. கூட்டம் வர வர தியேட்டரைக் கூட்டிக்கொண்டே போய், செப்டம்பர் வாக்கில் இரண்டாயிரத்தை எட்டினார்கள். ஒரு வார இறுதியில்கூட முதலிடம் பிடிக்காமலே உள்நாட்டில் 24.1 கோடி, உலகில் 36.8 கோடி. இதற்கு மல்டிபிள் போட்டால் 400-ஐத் தாண்டும், ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. குறைந்த தியேட்டரில் திறந்து விரியும் படத்தையும் எல்லா ஊரிலும் ஒரே நாளில் திறக்கும் படத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கக் கூடாது. அங்கே பார்க்க வேண்டியது ஒரு தியேட்டருக்குச் சராசரி எவ்வளவு, தியேட்டர் கூடும்போது அந்தச் சராசரி எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதைத்தான். சராசரி தாக்குப்பிடித்தால் மேலும் விரிக்கலாம். பாதியாக விழுந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு இரண்டாவது வாரமே ஆயிரம் தியேட்டருக்குத் தாவிய சிறு படங்கள் பல அங்கேதான் மடிந்தன. விளம்பரச் செலவு தாவிவிடும், கூட்டம் தாவாது.

காமெடி ஏன் நின்று ஓடுகிறது? சிரிப்பு தொற்றும், நிறைந்த அரங்கில் அதிகம் தொற்றும். ஒருவர் பார்த்துவிட்டு வந்து நண்பர்களை அழைத்துக்கொண்டு மறுபடி போவார். கதையை முன்பே கேட்டுவிட்டால் த்ரில்லரின் உயிர் போய்விடும், காமெடியை ஒருவர் நடித்துக் காட்டினாலும் மற்றவருக்குப் பார்க்கத் தோன்றும். நீளமும் உதவுகிறது. ஹோம் அலோன் 103 நிமிடம், ஹேங்ஓவர் 100, கிரீக் வெட்டிங் 95. ஒரு திரையில் நாளுக்கு ஒரு காட்சி கூடுதலாகப் போடலாம்.

காமெடி ஏன் சில நேரம் இரண்டாவது வாரமே செத்துவிடுகிறது என்பதற்கும் காரணங்கள் தெரிந்தவைதான். முதல் காரணம் டிரெய்லர். படத்தில் உண்மையாகவே வெடிக்கும் இடம் எட்டு இருந்தால், ஆறை இரண்டரை நிமிட டிரெய்லரில் கொட்டிவிடுவார்கள். ஓப்பனிங் வரும், பார்த்தவர் வெளியே போய்ச் சொல்ல எதுவும் இருக்காது. இரண்டாவது காரணம், படத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது அங்கம். முக்கால் மணி நேரம் சிரித்தவர்களைத் திடீரென்று பாடம் கேட்க உட்காரவைத்தால் வெளியே வரும்போது நினைவில் நிற்பது அந்தக் கடைசி இருபது நிமிடம்தான்.

இதனால்தான் ஸ்டுடியோக்கள் காமெடியை வெளியீட்டுக்கு முன் பலமுறை பொது ஆட்களுக்குப் போட்டுக் காட்டுகின்றன. அரங்கின் சிரிப்பை ஒலிப்பதிவு செய்து, எடிட்டர் அதைப் படத்தோடு ஓடவிட்டுப் பார்ப்பார். சிரிப்பு நீண்டு அடுத்த வசனத்தை விழுங்கினால் இடையில் ஒரு ரியாக்‌ஷன் ஷாட்டை (எதிரே இருப்பவரின் முகபாவத்தை) செருகி இடம் கொடுப்பார். சிரிப்பே வராத இடத்தில் வேறு டேக். அதற்கு வேறு டேக் கையில் இருக்க வேண்டும். ஆகவே படப்பிடிப்பிலேயே ஒரே வசனத்தை நாலைந்து விதமாகச் சொல்ல வைப்பார்கள். இருவர் பேசும் காட்சியில் இரண்டு கேமராவை எதிரெதிரே வைத்து ஒரே நேரத்தில் எடுப்பார்கள். ஒருவர் திடீரென்று புதிதாக ஏதாவது சொன்னால் மற்றவரின் உண்மையான முகமாற்றமும் அதே டேக்கில் கிடைத்துவிடும், இல்லாவிட்டால் எடிட்டில் இரண்டும் ஒட்டாது. ஆங்கர்மேன் படத்தில் இப்படி மிஞ்சிய காட்சிகளை வைத்தே இன்னொரு முழுநீளப் படம் தொகுத்து டிவிடியில் விற்றார்கள்.

இனி பணம். திரையில் வரும் வசூல் தயாரிப்பாளரின் பணம் இல்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து திரும்புவது நாற்பது சதவீதம் அளவு, சீனாவில் 25. விளம்பரம் தனிச் செலவு, அதை பட்ஜெட் எண்ணில் சேர்க்க மாட்டார்கள். தோராயமாகப் போட்டுப் பாருங்கள். ஹேங்ஓவர் உள்நாட்டு 27.7-இல் பாதி 13.9, வெளிநாட்டு 19-இல் நாற்பது சதவீதம் 7.6, ஆக 21 கோடிக்கு மேல். பட்ஜெட் 3.5 கோடி. விளம்பரத்துக்கு அதைவிட அதிகமாகவே கழித்தாலும் தியேட்டரிலேயே பல மடங்கு லாபம், டிவிடி கணக்கு தனி.

இப்போது இவான் ஆல்மைட்டி. புரூஸ் ஆல்மைட்டி 8.1 கோடியில் எடுத்து 48 கோடி வசூலித்ததால், 2007-ல் அதன் தொடர்ச்சிக்கு 17.5 கோடியைக் கொட்டினார்கள். ஜிம் கேரி இல்லை. பதிலுக்கு நோவாவின் பேழை, உண்மையாகவே கட்டிய பிரமாண்டக் கப்பல், ஏராளமான விலங்குகள், வெள்ளம், கிராஃபிக்ஸ். உள்நாட்டில் 10 கோடி, உலகில் 17 கோடியைச் சற்றே தாண்டியது. எண்ணை மட்டும் பார்த்தால் பட்ஜெட் திரும்பிவிட்டதுபோலத் தோன்றும். தியேட்டர் பங்கு போக ஸ்டுடியோவுக்கு வந்தது 8 கோடி அளவே இருக்கும், அதாவது விளம்பரத்தைக் கழிக்கும் முன்பே பாதிக்கு மேல் கை கடித்தது. இதே வசூலை 4 கோடி பட்ஜெட்டில் எடுத்திருந்தால் வெற்றிப்படம் என்று எழுதியிருப்பார்கள். எடி மர்பியின் புளூட்டோ நாஷ் (2002) இன்னும் மோசம். 10 கோடிச் செலவு, உலக வசூல் 71 லட்சம். நிலாவில் நடக்கும் கதை என்பதால் செட்டும் கிராஃபிக்ஸும் பணத்தை விழுங்கின, எடுத்து முடித்தும் நெடுநாள் அலமாரியில் கிடந்தது.

காமெடியில் செலவு திரையில் தெரிவது ஆபத்து. பிரமாண்டம் பார்ப்பவரை வாய்பிளக்க வைக்கும், வாய்பிளந்தவர் சிரிக்க மாட்டார். ஹோம் அலோன் 1.8 கோடியில் முடிந்தது. அதையும் அதிகம் என்று வார்னர் நிறுவனம் பட்ஜெட் தகராறில் கைவிட்டது, ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது. ஒரு வீடு, ஒரு பையன், இரண்டு திருடர்கள். வீட்டின் உள்பகுதியை, வகுப்புகள் நடக்காத ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஜிம்மில் செட் போட்டார்கள். நீர் நிறைந்த நிலவறைக் காட்சிக்கு அந்தப் பள்ளியின் நீச்சல்குளமே போதுமாயிருந்தது.

வெளிநாடு காமெடிக்கு எப்போதும் கஷ்டம். வில் ஃபெரலின் ஆங்கர்மேன் (2004) உள்நாட்டில் 8.5 கோடி எடுத்தது. உலகின் மற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்தது 50 லட்சம் சொச்சம். பழைய அமெரிக்க உள்ளூர் டிவி செய்தி வாசிப்பாளரின் மிடுக்கைக் கிண்டல் செய்யும் படம், அந்த மிடுக்கை அறியாதவனுக்கு எங்கே சிரிப்பது என்றே தெரியாது. நேர்மாறாக 1997-ன் பீன், அமெரிக்காவில் 4.5 கோடிதான், உலகில் 25 கோடி. ரோவன் அட்கின்சனின் முகத்துக்கு சப்டைட்டில் வேண்டாம். கிரேஸி ரிச் ஏஷியன்ஸ் (2018) அமெரிக்காவில் 17.4 கோடி குவித்தது, ஆசிய முகங்கள் நிறைந்த படம் என்று சீனாவை நம்பினார்கள். அங்கே 20 லட்சம்கூடத் தேறவில்லை. அமெரிக்காவில் வளர்ந்த சீனர்களின் தவிப்பு அமெரிக்காவின் கதை, சீனாவின் கதை அல்ல.

இது ஹாலிவுட்டுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. பிரான்ஸில் வசூலைப் பணமாகச் சொல்வதைவிட டிக்கெட்டாகச் சொல்வதே வழக்கம், என் கணிப்பில் அதுதான் நேர்மையான முறையும்கூட. வடக்குப் பிரான்ஸின் வட்டார வழக்கைக் கேலி செய்யும் பியன்வென்யூ ஷே லே ஷ்தி 2008-ல் அங்கே 2 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. பிரெஞ்சுப் படங்களில் 1966-இலிருந்து லா கிராந்த் வதுருய் வைத்திருந்த 1.7 கோடிச் சாதனையை அதுதான் உடைத்தது. இரண்டுமே காமெடி. ஷ்தியின் வருமானத்தில் பெரும்பகுதி பிரான்ஸிலிருந்தே வந்தது. ஆனால் கதை பயணம் செய்தது: இத்தாலி அதைத் தன் வடக்கு, தெற்குச் சண்டையாக மாற்றி 2010-ல் ரீமேக் செய்து பெரும் வெற்றி கண்டது. காமெடி எல்லை தாண்டும் வழி இதுதான். மிசஸ் டவுட்ஃபயர் (1993, உலக வசூல் 44 கோடி) நம்மிடம் பெரிதாக வந்து சேர்ந்தது அவ்வை சண்முகியாகத்தான், கிரேஸி மோகனின் வசனத்தில். பிரெஞ்சுப் படமான ஆந்தூஷாப்ல் (தி இன்டச்சபிள்ஸ்) 2016-ல் தோழாவாக வந்தது. பிரிண்ட் போகாத இடத்துக்கு ரீமேக் உரிமை போகும், அந்த விற்பனை எந்த வசூல் பட்டியலிலும் இருக்காது.

சீனாவோ வெளிநாட்டைப் பற்றிக் கவலையே பட வேண்டாத நிலையில் இருக்கிறது. ஜியா லிங் இயக்கி நடித்த ஹாய், மாம் 2021-ல் ஏறக்குறைய முழுவதும் உள்நாட்டிலிருந்தே 541 கோடி யுவான் எடுத்தது, டாலரில் 80 கோடிக்கு மேல். ஹேங்ஓவர் 2-ஐ அது எளிதாகத் தாண்டிவிட்டது. ஹேங்ஓவரிலிருந்து நேராகப் பார்பிக்குத் தாவும் பட்டியல்கள் ஆங்கிலப் படங்களை மட்டும் எண்ணியவை.

விலைவாசியையும் கழித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1990-ன் சராசரி டிக்கெட் விலை 4.22 டாலர், 2011-ல் 7.93. வகுத்தால் ஹோம் அலோனுக்கு வட அமெரிக்காவில் சுமார் 6.8 கோடி டிக்கெட், ஹேங்ஓவர் 2-க்கு 3.2 கோடி. பார்பி அங்கே 63.6 கோடி டாலர் எடுத்தாலும், 2023-ல் சராசரி விலை 10 டாலரைத் தாண்டிவிட்டதால் டிக்கெட் 6 கோடியை ஒட்டித்தான் வரும். உள்ளூர் டிக்கெட் கணக்கில் அந்தப் பையன் இன்னும் முன்னால் நிற்கிறான். சராசரி விலை என்பதே தோராயம்தான், குழந்தைகள் அதிகம் வந்த படத்துக்கு உண்மையான டிக்கெட் எண்ணிக்கை இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1988-ன் கமிங் டு அமெரிக்கா உலகில் 28 கோடிக்கு மேல் வசூலித்தது. கதை என்னுடையது என்று எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் வழக்குப் போட்டு ஜெயித்தார், நிகர லாபத்தில் பங்கு கேட்டார். நிகர லாபமே இல்லை என்றது பாரமவுண்ட். அந்தக் கணக்கு முறை நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்னது, 1992-ல் அவருக்கும் அவருடைய தயாரிப்பாளருக்கும் சேர்த்து 9 லட்சம் டாலர் தீர்ப்பானது. விவரம் தெரிந்தவர்கள் நிகரத்தைத் தொட மாட்டார்கள், ஸ்டுடியோவுக்கு வரும் மொத்த வரவில் பங்கு கேட்பார்கள். ட்வின்ஸ் படத்துக்கு ஷ்வார்ஸ்நெக்கர், டேனி டிவிட்டோ, இயக்குநர் ரைட்மேன் மூவரும் சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் பங்கு வாங்கினார்கள். இயக்குநர் டாட் பிலிப்ஸ் ஹேங்ஓவருக்கும் அதையே செய்தார். பட்ஜெட் சுருங்கும், ஸ்டுடியோ சம்மதிக்கும், படம் ஓடினால் சம்பளத்தைப்போலப் பல மடங்கு.

நம் ஊர்ப் படங்களுக்கு இந்த மல்டிபிள் கணக்கைப் போட முயலாதீர்கள். தியேட்டர்வாரியான தினக்கணக்கு இங்கே பொதுவில் வருவதில்லை, போஸ்டரில் வரும் எண்ணை வகுத்துப் பயன் இல்லை. அமெரிக்கப் படத்துக்குப் போடுவதென்றால் திங்கட்கிழமை மாலை வரை பொறுத்து உண்மைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வார இறுதியின் சரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். காமெடிக்கு 35 சதவீதத்துக்குள் என்றால் படம் ஓடுகிறது. 50-ஐத் தாண்டினால் ஓப்பனிங் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கதை முடிந்தது. எனிஒன் பட் யூ 2023 கிறிஸ்துமஸுக்கு வெறும் 60 லட்சத்துடன் திறந்து, இரண்டாவது வார இறுதியிலும் மூன்றாவதிலும் முதலாவதைவிட அதிகம் எடுத்தது. 2.5 கோடி பட்ஜெட்டுக்கு உலகில் 22 கோடி வந்தது. திறந்த வாரமே தோல்வி என்று எழுதியவர்கள் இரண்டாவது வார எண் வரும்வரை பொறுத்திருக்கலாம்.